அளந்தால் குறையும் குளிர்

எங்கள் குடியிருப்பில் என் அக்காவுக்கு ஃபிரிட்ஜக்கா என்று பெயர். வைத்தது மூன்றாம் மாடிக்காரம்மா. நாங்கள் குடிவந்த புதிதில் லிஃப்டில் அக்காவை மடக்கி, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்கு அன்று ஏதோ அவசரம். "ஒரு ஃபிரிட்ஜைப் பாத்துக்கறேங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா எங்கள் கதவைத் தட்டினார். அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜின் அடியில் தண்ணீர் தேங்குகிறதாம், ஒரு நடை வந்து பார்க்கமுடியுமா என்றார். வேறு யாராக இருந்தாலும் விளக்கம் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அக்கா ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்துச் சட்டை நனைந்து திரும்பிவந்தவள், "ஓட்டை அடைச்சிருந்துச்சுடி, குத்தி விட்டேன்" என்றாள். ஏதோ பரிசு வாங்கிவந்தவள் மாதிரி முகம்.

அவள் சொன்னது பொய்யும் இல்லை. அக்கா பார்த்துக்கொண்டது ஃபிரிட்ஜைத்தான். என்ன, அது நிலாவையும் தாண்டி வெகுதூரத்தில் மிதந்துகொண்டிருந்தது, அதற்குள் ஒரு தொலைநோக்கி இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த அறிவியல் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தோடு முடிந்துவிடும். என் கடைக்கு வருகிறவர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அடுத்து தலைவலிக்கு ஏதாவது கேட்கப்போகிறார்கள் என்று எடுத்து வைத்துவிடுவேன். எனக்குத் தெரிந்து அக்கா ஒருத்திதான் வேலையிலிருந்து வரும்போது விளையாடிவிட்டு வந்த பிள்ளை மாதிரி வருவாள். ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலிருந்தே கத்தினாள்.

"தப்புடி! ஆறு மாசமா நாங்க நெனச்சதெல்லாம் சுத்தத் தப்பு!"

முகம் முழுக்கச் சிரிப்பு. "ஐயோ, அப்ப வேலை போயிடுமா?" என்றேன்.

"போறதாவது! இனிமேதான் வேலையே இருக்கு."

என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடும்போது என் காதோடு சொன்னார். "உங்கக்காவுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களே, அதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு." அக்காவுக்குப் பாம்புக் காது. "நானும் அதைத்தான் மாப்பிள்ளை நெனச்சுக்குவேன். அவங்களுக்குத் தெரியாம பாத்துக்கங்க" என்றாள்.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். எங்களோடுதான் இருந்தாள். ஜன்னலோர அறை, ஒற்றைக் கட்டில், எப்போதும் ஒரு ஸ்வெட்டர். அவளுக்குக் குறை என்று எதையும் நான் பார்த்ததில்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைச் சொல்லத்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

முதலில் அந்த ஃபிரிட்ஜ். சூடு இருக்கிற எதுவும் ஒளிரும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது என்பாள் அக்கா. நான், என் வீட்டுக்காரர், சுவர், டீ டம்ளர், பனிக்கட்டிகூட. அந்த ஒளிக்கு அகச்சிவப்பு என்று பெயர். வானத்தில் ரொம்பவும் குளிர்ந்து கிடக்கிற பொருள்களிலிருந்து வரும் அகச்சிவப்பைப் பார்க்கவேண்டுமானால், பார்க்கிற கண் அவற்றைவிடக் குளிர்ந்திருக்கவேண்டும். இல்லையென்றால் கண் தன்னுடைய சூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். எரிகிற அடுப்புக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே மின்மினியைத் தேடுவது மாதிரி. அதனால்தான் பூமியை விட்டு அவ்வளவு தூரம் அனுப்பி, ஒரு தொட்டி நிறையத் திரவ ஹீலியத்தையும் கூடவே கட்டி அனுப்பினார்கள். ஹீலியம் துளித்துளியாக ஆவியாகிப் போகும்போது தொலைநோக்கி குளிர்ந்து கிடக்கும். தீர்ந்தால் தீர்ந்ததுதான். போய் ஊற்றிவிட்டு வர ஆள் கிடையாது.

"எவ்வளவு மிச்சம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். என் கடையில் எல்லாவற்றின் மேலும் காலாவதி தேதி அச்சடித்திருக்கும். தேதி இல்லாத சரக்கை நான் உள்ளேயே விடமாட்டேன்.

"தெரியாது" என்றாள் அக்கா. "அங்க எடை கிடையாது. திரவம் அடியில நிக்காது, சுவரெல்லாம் ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். எட்டிப் பாக்கமுடியாது."

"தெர்மாமீட்டர் வெச்சிருப்பீங்கல்ல?"

"வெச்சிருக்கோம். தொட்டி நெறைய இருந்தாலும் அதே குளிர்தான் காட்டும், கடைசிச் சொட்டு இருந்தாலும் அதே குளிர்தான் காட்டும். அந்தச் சொட்டும் போனப்புறம்தான் ஏறும். அதுவரைக்கும் எல்லாம் நல்லாவே இருக்குன்னுதான் சொல்லும்."

அப்படிப்பட்ட ஆட்களை நான் என் கடையில் பார்த்திருக்கிறேன். எல்லாம் நல்லாவே இருக்கு என்று சிரித்துப் பேசிவிட்டுப் போவார்கள், அடுத்த வாரம் அவர்கள் வீட்டிலிருந்து வேறு யாராவது வருவார்கள்.

அளக்க ஒரு வழி இருந்தது. தொட்டிக்குள் ஒரு சின்னச் சூட்டுக்கம்பி உண்டு. அதைக் கொஞ்ச நேரம் சூடாக்கினால், நிறைய ஹீலியம் இருந்தால் தொட்டியின் சூடு லேசாக ஏறும், கொஞ்சமாக இருந்தால் கூடுதலாக ஏறும். அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் சூடாக்கினால் ஹீலியம் ஆவியாகிவிடுமே! எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்கே இருப்பதில் கொஞ்சத்தைக் கொடுத்தாகவேண்டும். அதனால் ரொம்பவும் தேவைப்பட்டால் ஒழிய யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அவர்கள் கூட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு தடவை அளந்தது அவர்களுக்கு அளவே கிடையாது. மூன்று தடவை அளந்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் வாயைத் திறக்கலாம். தொலைநோக்கிக்குத் தினமும் கட்டளை அனுப்புகிற ஒருவர் அங்கே இருந்தார். தினமும் அதோடு பேசுகிறவர் என்பதால் அவருக்குப் போன்காரர் என்று பெயர். இந்த வழக்கத்தைப் பிடிவாதமாகக் கொண்டுவந்ததே என் அக்காதான் என்று அவர் சொல்வார். புதிதாகச் சேர்ந்த யாராவது ஒரே ஒரு அளவைக் கையில் பிடித்துக்கொண்டு தலைகால் புரியாமல் ஓடிவந்தால், அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மத்த ரெண்டு எங்க?" என்பாளாம். அதோடு அந்த ஆள் திரும்பிப் போய்விடவேண்டியதுதான்.

வீட்டிலும் அப்படித்தான். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். ஒருமுறை என் கடையில் ஆள் வராத நாளில் உதவிக்கு வந்து, ஒவ்வொருவருக்கும் மாத்திரையை மூன்று தடவை எண்ணிக் கொடுத்ததில் வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது. கும்பிடு போட்டு அனுப்பிவைத்தேன்.

இனி அந்த ஒன்று. அக்கா படித்துக்கொண்டிருந்த காலத்தில், வானத்தைப் படமெடுத்த பழைய கண்ணாடித் தகடுகளைத் துடைத்து அடுக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு தகட்டில் நட்சத்திரக் கூட்டத்துக்கு நடுவே கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புக் கறை. கைக்குட்டையால் துடைத்தாள், போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள், அப்போதும் போகவில்லை. அது தகட்டில் இல்லை, வானத்திலேயே இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தபோது அந்த அறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாளாம். தூசும் வாயுவும் திரண்ட இருட்டு மேகம். அதற்கு ஏதோ எண் கொடுத்திருக்கிறார்கள், அவள் வைத்த பெயர் கறை.

உள்ளே ஒன்றுமில்லை, வெறும் தூசு என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். அக்கா நம்பவில்லை. நடுவில் ஒரு நட்சத்திரம் உருவாகிக்கொண்டிருக்கிறது, இன்னும் பற்றிக்கொள்ளவில்லை, சுற்றியிருக்கிற குளிரைவிட ஒரு துளி சூடாக இருக்கும், அவ்வளவுதான் என்பது அவள் கட்சி. அதைப் பார்க்கிற அளவுக்குக் குளிர்ந்த கண் அவளுடைய ஃபிரிட்ஜுக்குள் மட்டும்தான் இருந்தது. அடுத்த தொலைநோக்கி இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. அது மேலே போகும்போது அக்கா இருப்பாளோ மாட்டாளோ. அவளுக்கு ஓய்வுபெறும் வயதும் வந்துவிட்டது.

கறையை நினைத்தபோதெல்லாம் பார்த்துவிடமுடியாது. தொலைநோக்கி எப்போதும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கவேண்டும். திரும்பினால் கண் போய்விடும். அதனால் கறை கண்ணில் படுகிற பருவம் என்று ஒன்று உண்டு. முதல் பருவத்தில் ஏதோ கோளாறு, தொலைநோக்கி தானாகவே எல்லாவற்றையும் மூடிக்கொண்டு தூங்கிவிட்டது. அடுத்த பருவத்தில் அவர்கள் இயக்குநர், "ஒண்ணுமில்லாத எடத்துக்கு எதுக்கு நேரம்?" என்று அந்த நாட்களை வேறு ஆட்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது பருவம் வர இரண்டு மாதம் இருந்தது. ஹீலியம் அதுவரை நிற்குமா நிற்காதா என்பதுதான் என் அக்காவின் மொத்த வாழ்க்கையும்.

அந்த இயக்குநரைப் பற்றிச் சொல்லவேண்டும். எதற்கெடுத்தாலும் தேதி கேட்பார். அதனால் தேதி சார். தொலைநோக்கி முடிகிற நாளில் பெரிய மனிதர்களை அழைத்து, மாலை மரியாதையோடு ஒரு வழியனுப்பு விழா நடத்தவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு ஹீலியம் தீருகிற தேதி வேண்டும். "அளந்துடுங்க" என்றார் கூட்டத்தில். அக்கா எழுந்தாளாம். போன்காரர் எனக்கு நடித்தே காட்டினார்.

"சார், வீட்ல ஒருத்தர் படுத்த படுக்கையா இருக்கார். எப்ப போவார்னு தெரிஞ்சுக்கறதுக்காக அவர் மூக்கைப் பொத்திப் பாப்பீங்களா?"

யாரும் அளக்கவேண்டாம் என்று முடிவானது. அன்று சாயங்காலம் அக்கா கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். நான் மட்டும் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். படுத்த படுக்கையாக என்று அவளே சொல்லிவிட்டாளே.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மாதிரி இறுக்கம் வந்து உட்கார்ந்தது. தினமும் அக்கா வந்ததும், "எப்படி இருக்கு?" என்பேன். "நல்லாவே இருக்கு" என்பாள். அந்தப் பதிலைக் கேட்கக் கேட்க எனக்குப் பயம்தான் ஏறியது. நல்லாவே இருக்கு என்பதற்கு அங்கே அர்த்தமே கிடையாதே! சாப்பாடு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டி போட்ட பூனை மாதிரி ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தாள்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. சாயங்காலமாகியும் வரவில்லை. ஃபிரிட்ஜின் உறுமல் நின்றுபோன வீடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் கவனித்தேன். என் வீட்டுக்காரர், பால் கெட்டுப்போய்விட்டதா பார்க்கலாம் என்று போனார். அக்கா ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டாள். கதவில் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"தெறக்காதீங்க மாப்பிள்ளை."

"பால் இருக்கான்னு பாத்துட்டு மூடிடறேன் அண்ணி."

"பாத்தா குளிர் போயிடும். இருக்கறது இருக்கும். விடுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கரண்ட் வரும்வரை அந்த இடத்தைவிட்டு அவள் நகரவும் இல்லை. பால் கெடவில்லை. ஆனால் எனக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பருவத்துக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது ஒரு சங்கடம் முளைத்தது. ஹீலியம் எப்போது தீரும் என்று, அளக்காமல், பழைய புள்ளிவிவரங்களை வைத்து இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒருவர் கணக்குப்படி கறையைப் பார்த்து முடித்த பிறகும் மிச்சமிருக்கும். இன்னொருவர் கணக்குப்படி கறை வருவதற்கு முன்பே தீர்ந்துவிடும். இரண்டாமவர் சொல்வது சரியென்றால், கறைக்காக ஹீலியத்தை மிச்சம்பிடிக்க வேலை கொடுக்காமல் வைத்திருக்கிற நாட்களெல்லாம் யாருக்கும் பயன்படாமல் வீணாகிவிடும். அக்காவின் பக்கத்து மேசையில் ஒரு பெண், எங்கோ மோதிக்கொண்டிருக்கிற இரண்டு விண்மீன் மண்டலங்களைப் பார்க்க ஒரே ஒரு நாள் கேட்டுக் காத்திருந்தாள்.

"அவ ஒண்ணும் கேக்கலடி" என்றாள் அக்கா. "தெனமும் எனக்கும் சேத்து டீ கொண்டாந்து வெக்கிறா. அதான் தாங்கலை."

"உனக்கு வேணும்னா நீ வெச்சுக்கோ. உன் முறை இது. போனவாட்டி உன்னோடதைத் தூக்கிக் குடுத்தாங்கல்ல, அப்ப யாராவது தாங்கமுடியலைன்னாங்களா?" என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சின்ன வயதில் மூடிவைத்த டப்பாவைப் பார்க்கிறபோது அந்தப் பார்வைதான் பார்ப்பாள். உள்ளே என்ன என்று தெரியாமல் அவளால் இருக்கமுடியாது.

இரண்டு நாள் கழித்து, வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். பழைய அக்கா. செருப்போடு ஹால் வரைக்கும் வந்துவிட்டாள்.

"இருக்குடி! போதும்! கறையைப் பாத்து முடிச்சு, நாலு நாளைக்கு மிச்சமும் இருக்கு! அவளுக்கும் ஒரு நாள் குடுத்துடலாம்!"

"எப்படித் தெரியும்?"

"அளந்தேன்."

"மூக்கைப் பொத்தக்கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"அது தேதிக்காக. இது தெரிஞ்சுக்கறதுக்காக." குழந்தை மாதிரிச் சொன்னாள். அப்புறம் உட்கார்ந்து எனக்கு விவரமாகச் சொன்னாள். கம்பியைச் சூடாக்கியபோது தொட்டியின் சூடு எப்படி ஏறியது, வளைகோடு எவ்வளவு அழகாக வந்தது என்றெல்லாம். கண்ணெல்லாம் மினுக்கம். இவ்வளவு நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது.

"ஒரு தடவைதானே அளந்தே?" என்றேன்.

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஒரு தடவை அளந்தா அது அளவாடி? மூணு தடவை. மூணும் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே உக்காந்துச்சு."

அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. அவள் தூங்கினாள், பல மாதங்களுக்குப் பிறகு.

அக்கா அளந்தது தெரிந்ததும் தேதி சாருக்கு ஒரே கொண்டாட்டம். கறையைப் பார்த்து முடிக்கிற நாளிலிருந்து நாலு நாள் தள்ளி ஒரு நல்ல நாளாகக் குறித்து விழாவுக்கு அழைப்பிதழ் அடித்துவிட்டார். பக்கத்து மேசைக்காரி தன் ஒரு நாளை எடுத்துக்கொண்டாள். பருவம் வந்தது. கறையைப் பார்க்கிற நாளுக்கு அக்கா என்னைக் கூப்பிட்டாள். "கடையை மூடிட்டு வா. உன் வாழ்க்கையில ஒரு நாளாவது நான் என்ன பண்றேன்னு பாரு."

சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். பெரிதாக எதையோ எதிர்பார்த்திருந்தேன். நடுத்தர அளவில் ஒரு அறை, ஐந்தாறு மேசைகள், தேய்ந்த கம்பளம், ஓரத்தில் ஒரு கால் ஆடுகிற நாற்காலி. அதை எனக்குக் கொடுத்தார்கள். எதிர்ச் சுவரில் பெரிய திரை. அதன் மூலையில் சின்னதாக ஒரு எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதுதான் தொட்டியின் வெப்பநிலை என்றார் போன்காரர். அசையாமல் நின்றது. நல்லாவே இருந்தது.

மூன்று படங்கள் எடுப்பதாகத் திட்டம். வேறென்ன, மூன்றுதான். முதல் படத்தைத் தொலைநோக்கி ஏற்கெனவே எடுத்து முடித்திருந்தது. மதியத்துக்கு மேல் அது வரிவரியாக வந்து இறங்க ஆரம்பித்தது. முதலில் மேலே சில நட்சத்திரங்கள். அப்புறம் கறையின் விளிம்பு. அப்புறம் இருட்டு, இருட்டு, இருட்டு. இருட்டின் நடுவே ஒரு புள்ளி வந்தது.

புள்ளி என்றால் மங்கலான புள்ளி. யாராவது காட்டாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. போன்காரர் எழுந்தே நின்றுவிட்டார். பக்கத்து மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்து, அந்தக் கண்ணாடித் தகட்டைப் பார்த்த பெண்ணாகவே ஆகி, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் அக்காவின் முகத்தை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இருக்கு" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். உடனே நிமிர்ந்து, "அடுத்தது" என்றாள்.

அடுத்தது எடுத்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூலை எண் அசைந்தது. கடைசி இலக்கம்தான். நான்தான் முதலில் பார்த்தேன் என்று நினைத்துப் போன்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் பார்த்துவிட்டாள். மறுபடி அசைந்தது. அப்புறம் அசைந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது படம் வந்தது. இருட்டு இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். கீழே வரவர அது வெளுத்து, நட்சத்திரங்களை மூடி, கறையை மூடி, வெறும் வெள்ளையாக முடிந்தது.

"மேகம் கீகம் மறைச்சிடுச்சா?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. அறை அவ்வளவு அமைதியாக இருந்தது, ஏதாவது கேட்டாகவேண்டும் போலிருந்தது.

"இல்லடி" என்றாள் அக்கா. "குளிர் போயிடுச்சு. இப்ப அது தன்னோட சூட்டையே பாத்துக்கிட்டிருக்கு."

போன்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மூணாவதை நிறுத்திடட்டுமா மேடம்?"

"எடுக்கட்டும்."

மூன்றாவது படத்துக்காக எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைதான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம், கடைசி நாளில் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருப்பது மாதிரி. வெள்ளைதான் வந்தது. கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஒரு வாரம் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அடக்கமுடியாமல் கேட்டேவிட்டேன். "ஒரு தடவையோட அளக்கறதை விட்டிருந்தா?"

"தெரியும். மிச்சம் கொஞ்சமா இருந்ததால, ஒவ்வொரு சூடும் நாங்க நெனச்சதைவிட அதிகமாத் தின்னுடுச்சு." அவள் என் துணிகளையும் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள். "கடைசி ரெண்டு அளவையும் எடுக்காம இருந்திருந்தா மூணு படமும் வந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

எத்தனை தடவை போட்டாய் என்று நான் கேட்கவில்லை.

தேதி சார் வீட்டுக்கே போன் செய்தார். அவருக்கு விழா கெட்டுப்போன வருத்தம், கூடவே ஒரு யோசனை. தொலைநோக்கியின் கடைசிப் பார்வை, கடைசிப் படத்தில் பிறக்கப்போகிற நட்சத்திரம் என்று உலகத்துக்கே அறிவித்துவிடலாம் என்றார். அக்கா பெயரில்தான். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. கண் சூடேறப்போகிற சமயத்தில் இல்லாத புள்ளிகளெல்லாம் தோன்றும், ஒரே ஒரு படத்தில் தெரிந்ததை எப்படிச் சொல்வது என்றாள். அறிக்கையில் கறையைப் பற்றி ஒரே வரிதான் எழுதினாள், உறுதிப்படவில்லை என்று. அடுத்த மாதம் ஓய்வுபெற்றாள்.

அறிக்கை போன அன்று சாயங்காலம் பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். கீழே மூன்றாம் மாடிக்காரம்மா அண்ணாந்து பார்த்து, "ஃபிரிட்ஜக்கா, நல்லாருக்கீங்களா?" என்று கையை ஆட்டினார். அக்காவும் ஆட்டினாள், "நல்லாருக்கேன்" என்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஊருக்கெல்லாம் வேண்டாம். எங்கிட்ட மட்டும் சொல்லு. நீ பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்."

"நானும் பாத்தேன். அங்க இருந்த எல்லாரும் பாத்தாங்க. அப்புறம் என்னக்கா? இருக்குன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

அக்கா திரும்பினாள். கோபமாகச் சொல்வாள் என்று நினைத்தேன், கேலியாகவாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"மத்த ரெண்டு எங்க?" என்றாள்.

கேட்டுவிட்டு, அவை என்னிடம்தான் இருக்கின்றன என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.